புதன்கிழமை மூன்றாவது பீரியட் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அப்பா எழுந்து கேட்டார்: "புதன்கிழமை மூணாவது பீரியட்ல பைபிள் கதை, நீதிபோதனைன்னு ஓடுதே சார், அதைக் கணக்குக்குக் கொடுத்தா என்ன? பப்ளிக் எக்ஸாம்ல அது ஒரு மார்க்காவது வாங்கித் தருமா?" பின்வரிசையில் கைதட்டல் கேட்டது. நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் பதில் தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித்தான். அதனால் இந்தக் கடிதம்.

மார்க் வாங்கித் தராது. அதில் சந்தேகமே வேண்டாம்.

கூட்டத்தில் யாரும் வாய்விட்டுக் கேட்காத இன்னொரு கேள்வியும் உண்டு. இது மதம் மாற்றுகிற வகுப்பா? இல்லை. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்லர். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மத போதனையிலோ வழிபாட்டிலோ உட்கார வைக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவே சொல்கிறது. வேண்டாம் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அந்த நேரத்தில் பிள்ளை நூலகத்தில் இருக்கட்டும். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

உண்மையில், ஒரு மிஷன் பள்ளி தன் மாணவனை என்னவாக ஆக்கும் என்று அதை நடத்துகிறவர்களுக்கே தெரியாது. செப்டம்பர் 5 அன்று நீங்கள் பூங்கொத்து கொடுத்து அனுப்புகிறீர்களே, அந்த ராதாகிருஷ்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். திருத்தணிப் பக்கத்துப் பிள்ளை. திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளி, வேலூரில் ஊரீஸ் கல்லூரி, பிறகு சென்னை கிறித்தவக் கல்லூரி என்று படிப்பு பெரும்பாலும் மிஷனரிகளிடம்தான். கல்லூரி அப்போது பாரிமுனைப் பக்கம் இருந்தது. தாம்பரத்துக்குப் போனது 1937இல். அங்கே மிஷனரி ஆசிரியர்கள் இந்து சமயத்தைக் கடுமையாக விமர்சித்தார்கள். அது அவரை உறுத்தியது. அப்படி என்னதான் குறை இருக்கிறது, பார்த்துவிடலாம் என்று வேதாந்தத்தின் அறக்கோட்பாட்டையே எம்.ஏ. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். அதைப் படித்துப் பாராட்டியவர் யார் தெரியுமா? அதே கல்லூரியின் கிறிஸ்தவப் பேராசிரியர் ஏ.ஜி. ஹாக். மாணவன் தன்னோடு மோதுவதையும் திறமை என்று பார்த்த அந்த வாத்தியார்மேல் எனக்கு ஒரு தனி மரியாதை. ராமநாதபுரத்தில் ஷ்வார்ட்ஸ் பள்ளியிலும் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் படித்த அப்துல் கலாம் கடைசிவரை தொழுகையை விடாத முஸ்லிமாகத்தான் இருந்தார்.

சரி, இப்படி ஜனாதிபதிகளைச் சொல்லிப் பெருமை அடிப்பது மிஷன் பள்ளிகளின் பழைய பழக்கம். நம்மிடம் பைபிள் வினாடி வினாவில் மூன்று வருடம் தொடர்ந்து கப் வாங்கிய ஒருவர், பிற்பாடு தெருவே கட்டிய சீட்டுப் பணத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டார். அந்தக் கப் இன்னும் என் அறை அலமாரியில்தான் இருக்கிறது. எடுத்துவிடலாமா என்று சில சமயம் யோசிப்பேன்.

இன்னொருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் தப்பு என்னுடையது.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். எட்டாம் வகுப்பில் பைபிள் மனப்பாட வசனம் கேட்டுக்கொண்டு வந்தேன். ஒரு பையன் சொல்லவில்லை. எரிச்சலில், "அப்பன் குடிக்கிற வீட்ல வசனம் எங்க ஏறும்" என்று சொல்லிவிட்டேன். வகுப்பு சிரித்தது. பையன் அழவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். எப்படியோ அது அப்போதைய தலைமையாசிரியர் காதுக்குப் போய்விட்டது. சாயங்காலம் கூப்பிட்டார், திட்டவில்லை. "நாளைக்கு முதல் பீரியட்ல, எல்லார் முன்னாடியும் அந்தப் பையன்கிட்ட மன்னிப்புக் கேட்டுடுங்க" என்றார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ராஜினாமாக் கடிதம்கூட எழுதிப் பார்த்தேன். காலையில் போய்க் கேட்டேன். குரல் நடுங்கியது. எனக்கே மனம் வந்து கேட்ட மன்னிப்பு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பையன் இப்போது கிண்டி தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். சில வருடங்களுக்கு முன் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவரே சொன்னார். எனக்கு வியர்த்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே, "வசனம் ஒண்ணும் ஞாபகம் இல்ல சார். ஆனா ஒரு வாத்தியார் மன்னிப்புக் கேட்டு அன்னைக்குத்தான் பாத்தேன். இப்ப பட்டறைல பசங்களைத் தப்பாத் திட்டிட்டா மறுநாள் நானும் கேட்டுடுவேன். ரொம்பக் கஷ்டமா இருக்கு சார், ஓனர் போய்க் கேக்கறது" என்றார். அப்புறம் ஃபீஸ் குறைக்க முடியுமா என்றும் கேட்டார், அது வேறு விஷயம்.

ஆகவே அந்த பீரியட் இருக்கும். கணக்குக்குத் திங்களும் வியாழனும் மாலை 4 முதல் 4.45 வரை தனி வகுப்பு வைக்கிறோம், கட்டணம் இல்லை. கணக்கு மிஸ் ஒப்புக்கொண்டுவிட்டார்.

கடைசியாக, வெள்ளிக்கிழமை அரிசி. புதிதாகச் சேர்ந்த சிலர் இது எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். திருநெல்வேலியில் என் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். பிடியரிசி என்போம். தென்மாவட்டத்துக் கிறிஸ்தவச் சபைகளில் பழைய வழக்கம். இங்கே பிள்ளைகள் டிபன் பாக்ஸ் மூடியில் கொண்டுவந்து டிரம்மில் கொட்டுகிறார்கள். மாதக் கடைசியில் முதியோர் இல்லத்துக்குப் போகிறது. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது சைதாப்பேட்டை ஆற்றங்கரைக் குடும்பங்கள் நம் ஹாலில் வந்து தங்கின. முதல் ராத்திரி கஞ்சி வைத்தது அந்த டிரம்மில் இருந்த அரிசியில்தான். ஊரெல்லாம் தண்ணீர், குடிக்கத்தான் சொட்டு இல்லை. மூன்றாம் நாள் ஒரு தண்ணி லாரி வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் நம் பழைய மாணவர், பத்தாவது ஃபெயில். எவ்வளவு ஆச்சு என்று கேட்டேன். "பிடியரிசிக் கணக்குல எழுதிக்கங்க சார்" என்று சொல்லிவிட்டு ரிவர்ஸ் எடுத்தார்.

பொன்னி அரிசிதான் வேண்டும் என்று இல்லை, ரேஷன் அரிசி போதும். வண்டு இருந்தால் மட்டும் புடைத்துக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்