இரங்கல் செய்திக்குக் கீழே சேலை விளம்பரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பெரியவர் ஒருவர் காலமானார். இறுதிச் சடங்கு விவரத்தை அவருடைய மகள் குடியிருப்பாளர்களின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பதிவிட, நாங்கள் ஒவ்வொருவராக அனுதாபம் தெரிவித்துக்கொண்டிருந்த வேளையில், ஜார்ஜ்டவுன் துணிக்கடை ஒன்றின் சேலைப் படங்கள் 12 வரிசையாக வந்து விழுந்தன. கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர், நல்ல மனிதர். காலை எட்டு மணிக்கு எல்லாக் குழுக்களுக்கும் படம் அனுப்புவது அவர் கடையில் வழக்கமாகிவிட்டது. எந்தக் குழுவில் என்ன பேச்சு நடக்கிறது என்று பார்க்கத்தான் அங்கே ஆளில்லை.

சிறு வணிகர்கள் சமூக ஊடகத்தில் விளம்பரமே செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பெரிய விளம்பரத்துக்குச் செலவழிக்க முடியாத நம்மவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால், நம் கடைகளின் முகநூல் பக்கங்களைத் திறந்தால் "நாங்களே முதல்தரம்" என்ற பேச்சுதான் நாள் முழுதும் ஓடுகிறது. விலை என்ன என்று ஒருவர் கேட்டால் மட்டும், 'பிஎம்' (தனிச்செய்தி) செய்யுங்கள் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இணையத்தில் விற்பவர் விலையை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று, மலேசியாவின் 1999-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2012-இலேயே விதிமுறைகள் வகுக்கப்பட்டன. ரசீதுக்காகக் கொடுத்த கைப்பேசி எண்ணுக்கு விளம்பரம் அனுப்புவதை நிறுத்தும்படி எழுத்து மூலம் கோரும் உரிமையை, 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு நமக்குத் தந்திருக்கிறது. வாங்கு வாங்கு என்று மட்டுமே சொல்லும் பதிவுகளைக் குறைவானவர்களுக்கே காட்டப்போவதாக முகநூல் நிறுவனம் 2014 நவம்பரில் அறிவித்து, அடுத்த ஜனவரியிலிருந்து நடைமுறைப்படுத்தியது. ஆகவே, ஓயாமல் கூவுகிறவரின் குரல் சென்று சேர்வதும் குறைவுதான்.

பிறை நகரில் என் அத்தை வீட்டிலேயே மசாலாத்தூள் அரைத்து விற்கிறார். வாரத்துக்கு இரண்டு பதிவுகளுக்கு மேல் அவர் போடுவதில்லை. ஈரக் கரண்டியைத் தூளில் விட்டால் பூஞ்சை பிடிக்கும் என்று ஒரு நாள் எழுதுவார். மல்லியை எந்தப் பதத்தில் வறுத்து இறக்குவது என்று இன்னொரு நாள் அடுப்படியிலிருந்தே காணொளி எடுத்துப் போடுவார். எல்லாவற்றிலும் கடைசி வரியில் விலை இருக்கும். மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில், "தம்பி, மிளகாய் காயவில்லை, இந்த வாரம் அரைக்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று வாடிக்கையாளர் ஒருவருக்கு எல்லாரும் பார்க்கவே பதில் எழுதினார். அந்தப் பதிலைப் படித்துவிட்டுத்தான் என் அண்டை வீட்டார் அவரிடம் வாங்கத் தொடங்கினார்கள்.

துணிக்கடைக்காரரிடம் இதையெல்லாம் சொன்னபோது, "அப்படியானால் நான் எதைத்தான் போடுவது?" என்று உண்மையாகவே கேட்டார். உங்கள் கடையில் நின்று நாங்கள் கேட்பதையே போடுங்கள் என்றேன். பட்டுச் சேலையை நெகிழிப் பையில் வைக்கலாமா, பருத்தித் துணியில் சுற்ற வேண்டுமா, சரிகை ஒடியாமலிருக்க எத்தனை மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்ற வேண்டும், பினாங்கின் ஈரக்காற்றில் அலமாரிக்குள் வாடை வராமல் காப்பது எப்படி என்று, அவர் கடையில் நாங்கள் கேட்காத நாளில்லை.

இப்படிக்கு,
வாசகி,
பட்டர்வொர்த், பினாங்கு.