சின்னவனின் இராப்பயம் பற்றி

அன்பு மகளுக்கு,

சின்னவன் நடுராத்திரியில் எழுந்து வந்து நீங்கள் இருவரும் படுக்கையில் இருக்கிறீர்களா என்று பார்த்துவிட்டுப் போகிறான், கூப்பிட்ட குரலுக்கு நீ உடனே பதில் சொல்லாவிட்டால் அழுதுவிடுகிறான் என்று எழுதியிருந்தாய். ஞாயிறு பள்ளியில் இரகசிய வருகையைப் பற்றி, அதாவது இயேசு யாருக்கும் தெரியாமல் வந்து விசுவாசிகளைத் திடீரென்று எடுத்துக்கொண்டு போய்விடுவார், மற்றவர்கள் விடப்படுவார்கள் என்று, பாடம் நடந்த பிறகு தொடங்கியது என்றால் வேறு காரணம் தேட வேண்டாம். எட்டு வயதில் எதையும் உள்ளது உள்ளபடியேதான் எடுத்துக்கொள்வார்கள். கண்ணிமைப்பொழுதில் என்று சொன்னால், இமைத்து முடிப்பதற்குள் அம்மாவைக் காணோம் என்றுதான் அவனுக்குப் படும்.

இதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன, இரண்டையும் கலக்காதே. ஒன்று அவன் பயம். மற்றது, கடைசி காலத்தைப் பற்றிக் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இருக்கிற கருத்து வேறுபாடு. பயத்துக்கு இன்று ராத்திரியே வழி பார்க்க வேண்டும். வேறுபாட்டை நீ நிதானமாகத் தெரிந்துகொண்டால் போதும்.

ராத்திரியில் வேதபாடம் நடத்தாதே. அவன் வந்து நின்றால் ஒரே வாக்கியம்: "நான் இங்கேதான் இருக்கிறேன், மற்றதைக் காலையில் பேசலாம், படுத்துக்கொள்." ஒவ்வொரு நாளும் அதே வாக்கியம், அதே குரல். அவன் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் புதிதுபுதிதாகச் சமாதானம் சொன்னால் பத்து நிமிஷம் நிம்மதி கிடைக்கும். ஆனால் கேட்டதால்தான் நிம்மதி வந்தது என்று மனசு பழகிக்கொள்ளும். அடுத்த முறை பயம் வந்ததும் மறுபடி கேட்கத் தோன்றும், முன்பு கேட்டதைவிட அதிகமாகக் கேட்கத் தோன்றும். எட்டிப்பார்ப்பதும் அப்படித்தான். அதை ஒரேயடியாகத் தடுத்தாலும் ஆகாது. ஐந்து முறை வருகிறவனோடு, இந்த வாரம் மூன்று முறை, அடுத்த வாரம் ஒரு முறை என்று பகலிலேயே பேசி வைத்துக்கொள். அவன் எழுந்து வருவதற்குப் பதிலாக, படுக்கவைத்த பத்தாவது நிமிஷம் நீயே போய்ப் பார்த்துவிட்டு வா. அது பழகியதும் இருபது நிமிஷம், பிறகு அரைமணி. சொன்ன நேரத்துக்குப் போகாமல் விட்டால் எல்லாம் முதலிலிருந்துதான், அதனால் உன்னால் முடிகிற நேரத்தை மட்டும் சொல்.

ஜெபத்தைப் பற்றிக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். இப்படிப் பயப்படுகிற பிள்ளைகள் பாவமன்னிப்பு ஜெபத்தைத் திரும்பத்திரும்பச் சொல்வார்கள். சரியாகச் சொன்னேனா, மனசாரச் சொன்னேனா, ஒரு வார்த்தை விட்டுப்போயிற்றோ என்று மறுபடி தொடங்குவார்கள். பார்க்கிறவர்களுக்கு அது பக்தி மாதிரி இருக்கும், ஆனால் பயம்தான் அவர்களை அப்படிச் சொல்ல வைக்கிறது. படுக்கும் முன் நீயும் அவனும் சேர்ந்து ஒருமுறை, இரண்டு மூன்று வாக்கியங்களில் ஜெபியுங்கள், ஆமென் சொன்னதோடு சரி. மறுபடி சொல்லலாமா என்று கேட்டால், "முதலில் சொன்னதே கேட்கப்பட்டாயிற்று" என்று விட்டுவிடு.

செய்யக் கூடாதவை: சிரிப்பது, அதட்டுவது, "இப்போது இயேசு வந்தால் உன்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்" என்று குறும்பை அடக்க அதைப் பயன்படுத்துவது. "அதெல்லாம் ஒன்றும் கிடையாது" என்றும் சொல்லிவிடாதே. அடுத்த ஞாயிறு அங்கே வேறு மாதிரி கேட்டுவிட்டு வந்தால் உன் வார்த்தைக்கு அவனிடம் மதிப்பிருக்காது.

இத்தனை செய்தும் சில வாரங்களில் குறையவில்லை, அல்லது பார்ப்பதிலும் கேட்பதிலும் ஜெபிப்பதிலும் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது, சாப்பாடும் படிப்பும் கெடுகிறது என்றால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டு. பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொண்டு, சரிபார்க்கும் பழக்கத்தை நிறுத்தப் பழக்குகிற சிகிச்சை இருக்கிறது, நன்றாகவே பலன் தரும். விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே.

இனி வேறுபாட்டுக்கு வருகிறேன். கிறிஸ்து மகிமையோடு திரும்ப வந்து உயிரோடிருப்போரையும் மரித்தோரையும் நியாயந்தீர்ப்பார் என்பது நிசேயா விசுவாசப் பிரமாணத்தில் உள்ளது. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், புராட்டஸ்டன்ட் எல்லாருக்கும் அது பொது. கால அட்டவணை என்று வரும்போதுதான் பிரிவார்கள். மாப்பிள்ளை வீட்டார் சபையில் சொல்கிறபடி, உபத்திரவ காலம் என்கிற கடைசிக் காலக் கொடுந்துன்பத்துக்கு முன்னே சபை, அதாவது விசுவாசிகளின் கூட்டம், எடுத்துக்கொள்ளப்படும், பிறகு ஏழு வருஷம் கிறிஸ்துவின் எதிரியான அந்திக்கிறிஸ்துவின் ஆட்சி. இதை ஒரு முறையாக அமைத்துப் பரப்பியவர் பிரதரன் என்கிற புராட்டஸ்டன்ட் இயக்கத்தைச் சேர்ந்த ஜான் நெல்சன் டார்பி, காலம் 1830-கள். 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமம் அதை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. தானியேல் 9-இல் வருகிற எழுபது வாரங்களை, ஒரு வாரத்துக்கு ஏழு வருஷம் என்று, 490 வருஷமாகக் கணக்கிட்டு, கடைசி ஏழு வருஷத்தை மட்டும் எதிர்காலத்துக்குத் தள்ளி வைப்பதுதான் அதன் அச்சாணி.

இரண்டாம் நூற்றாண்டில் சபை எழுத்தாளர்களான ஜஸ்டினும் இரேனேயுவும், கிறிஸ்து பூமியில் ஆயிரம் வருஷம் ஆளுவார் என்கிற ஆயிரவருட அரசாட்சியை எதிர்பார்த்தார்கள், ஆனால் அதற்கு முன் சபை உபத்திரவத்தினூடே போகும் என்பது இரேனேயுவின் எழுத்தில் தெரிகிறது. பிற்பாடு வந்த சபை அறிஞர் அகஸ்டின் அந்த ஆயிரம் வருஷத்தை இப்போதுள்ள சபையின் காலமாகவே எடுத்துக்கொண்டார். கத்தோலிக்கரும் லூத்தரன்களும் சீர்திருத்த சபைகளில் பெரும்பாலோரும் ஏறக்குறைய அந்த வழிதான். இயேசு கடைசி காலத்தைப் பற்றிப் பேசுகிற மத்தேயு 24-இல் பெரும்பகுதி கி.பி. 70-இல் எருசலேம் அழிந்தபோதே நிறைவேறிவிட்டது என்பவர்களும் உண்டு. எல்லாரும் அதே வேதத்தை வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். என் கணிப்பில் டார்பியின் அட்டவணைதான் எல்லாவற்றிலும் அதிகமாக ஒட்டுப்போட்டது, ஆனால் அதை நம்புகிற நல்ல மனிதர்கள் ஏராளம். சின்னவன் முன்னால் அந்தச் சபையைக் குறைத்துப் பேசாதே.

அவனை ராத்திரியில் தூங்கவிடாத இரண்டு பகுதிகளை நீயே திறந்து பார். முதலாவது 1 தெசலோனிக்கேயர் 4. அந்தச் சபையில் சிலர் இறந்துபோயிருந்தார்கள். கர்த்தர் வரும்போது அவர்களுக்குப் பங்கில்லாமல் போய்விடுமோ என்று மற்றவர்கள் துக்கப்பட்டார்கள். அந்தக் கடிதத்தை எழுதிய பவுலின் பதில்: மரித்தவர்கள் முதலில் எழுந்திருப்பார்கள், உயிரோடிருப்பவர்கள் அவர்களோடே கூடச் சேர்த்துக்கொள்ளப்படுவார்கள். யாரும் விட்டுப்போக மாட்டார்கள் என்று சொல்லத்தான் அந்தப் பகுதியே எழுதப்பட்டது. இந்த வார்த்தைகளால் ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்றுதான் 18-ஆம் வசனம் முடிகிறது. ஆரவாரம், பிரதான தூதனின் சத்தம், எக்காளம் என்று இத்தனை சத்தம் உள்ள இடத்தில் இரகசியம் எங்கிருந்து வந்தது என்று எனக்கும் கேள்விதான்.

இரண்டாவது மத்தேயு 24:40. வயலில் இருவர், ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான். அதற்கு மேலே 37-லிருந்து 39 வரை வாசி. நோவாவின் நாட்களில் வெள்ளம் வாரிக்கொண்டு போனது அழிந்தவர்களை, தப்பி நின்றது நோவா குடும்பம். அந்த ஒப்புமையை வைத்து, எடுக்கப்படுகிறவன்தான் நியாயத்தீர்ப்புக்குப் போகிறான், விடப்படுகிறவன் தப்பியவன் என்று வாசிக்கிற அறிஞர்கள் இருக்கிறார்கள். நேர்மாறாக வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். எந்தப் பக்கம் நல்லது என்பதிலேயே பெரியவர்கள் ஒத்துப்போகாத வசனத்துக்காகக் குழந்தை ஏன் விழித்திருக்க வேண்டும்?

வெளிப்படுத்தின விசேஷத்தில் மிருகத்தின் எண்ணாக வருகிற 666-ஐப் பற்றிக் கேட்டால் நீட்டாதே. நீரோ ராயனின் பெயரை எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டினால் அந்த எண் வருகிறது என்பது பல ஆய்வாளர்களின் விளக்கம். சில பழைய பிரதிகளில் 616 என்றே இருக்கிறது. தேதி குறித்தவர்களைப் பற்றிப் பெரியவனிடம் சொல்லலாம், அவனுக்குப் பதினான்கு ஆயிற்றே: வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்றார்கள், கொரியாவில் ஒரு கூட்டத்தார் 1992 அக்டோபர் 28 என்றார்கள், ஹெரால்டு கேம்பிங் 2011 மே 21 என்றார், அடுத்த வருஷம் அது தவறு என்று அவரே எழுதினார். அந்த நாளை ஒருவனும் அறியான் என்கிற மத்தேயு 24:36-ஐ வாசித்திருந்தால் மூவருக்குமே வேலை மிச்சம்.

ஞாயிறு பள்ளி ஆசிரியரிடம் நேரில் பேசு, சண்டைக்குப் போகாதே. பாடத்தில் படமோ வீடியோவோ காட்டினார்களா என்று முதலில் கேள். காட்டியிருந்தால் நீ தனியாக ஒருமுறை பார், அவன் மனதில் நிற்கிற காட்சி எது என்று தெரிந்துவிடும். சிறுபிள்ளைகள் வகுப்பில் இயேசு திரும்ப வருவார் என்பதோடு நிறுத்தி, உபத்திரவ காலத்தையும் மிருகத்தின் முத்திரையையும் பெரிய பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப்பார். முடியாது என்றால் அந்தப் பாடங்கள் முடியும்வரை அவனைப் பெரியவர்கள் ஆராதனையில் உன் பக்கத்தில் உட்கார்த்திக்கொள். ராத்திரி வாக்கியத்தை மாப்பிள்ளைக்கும் சொல்லிக்கொடு. நீ ஒன்றும் அவர் ஒன்றும் சொன்னால், சின்னவன் இரண்டு பேரிடமும் மாறிமாறிக் கேட்கத் தொடங்குவான்.

அன்புடன்,
அப்பா