தூதர் லோதியனின் கடைசி உரை: பிரிட்டன் வெளியுறவுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பிரிட்டன் வெளியுறவுத் துறையினருக்கு,

வணக்கம். 1940 டிசம்பர் 11 அன்று பால்டிமோரில் அமெரிக்க உழவர் கூட்டமைப்பின் மாநாட்டில் அமெரிக்காவுக்கான உங்கள் தூதர் லோதியன் பிரபு பேச வேண்டியிருந்தது. நோய் முற்றிப் படுக்கையில் கிடந்தார். அவருடைய சமய நெறி மருந்தை ஏற்காதது, மருத்துவரை நாடவில்லை. தூதரக அதிகாரி நெவில் பட்லர்தான் உரையை வாசித்தார். மறுநாள் லோதியன் இறந்துபோனார்.

அந்த உரையில் கெஞ்சல் இல்லை. அமெரிக்கர்களை நோக்கி, “மே மாதம் முதல் எந்தச் சவாலையும் நாங்கள் தட்டிக்கழிக்கவில்லை. எங்களுக்குக் கைகொடுத்தால் பாதியில் விட்டு ஓடுபவர்களுக்குக் கைகொடுத்ததாக ஆகாது. இனி எல்லாம் பெரும்பாலும் உங்கள் முடிவில்தான் இருக்கிறது, அந்தப் பொறுப்பை வேறு எவரும் பங்கிட்டுக்கொள்ள முடியாது” என்றார். லண்டன்மீது குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்களில், முடிவைக் கேட்பவரிடமே விட்டது பெரிய நாகரிகம். ஹிட்லரை எதிர்த்து நின்றதும் நியாயமே. 1941 மார்ச்சில், உங்களுக்கு அமெரிக்கா போர்த் தளவாடங்கள் கொடுக்க வழிசெய்த கடன்-குத்தகைச் சட்டம் நிறைவேறியது.

ஆனால் அமெரிக்க உழவருக்குக் காட்டிய அந்த மரியாதையை இந்தியர்களான எங்களுக்கு ஏன் காட்டவில்லை? 1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ, மக்கள் தேர்ந்தெடுத்த எவரையும் கலந்துகொள்ளாமல், இந்தியாவும் போரில் இருப்பதாக அறிவித்தார். அதைக் கண்டித்துச் சென்னை மாகாண முதன்மை அமைச்சர் ராஜாஜி பதவி விலகினார். லோதியன் உரை வாசிக்கப்பட்ட அதே 1940 டிசம்பரில், ராஜாஜி இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் கைதாகி ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். போருக்கு ஆளோ பணமோ கொடுப்பது தவறு என்று பொது இடத்தில் சொன்னாலே சிறை என்றிருந்த காலம் அது. இத்தனைக்கும் 25 லட்சம் இந்தியர்கள் உங்கள் போரில் பணியாற்றினார்கள்.

1932இல் இந்திய வாக்குரிமையை விரிவாக்க வழி ஆராய்ந்த குழுவின் தலைவர் இதே லோதியன்தான் என்பது எனக்குத் தாங்கவில்லை. அம்பேத்கரும் அதில் உறுப்பினர். எங்களைக் கேட்டு முடிவெடுக்கலாம் என்பது தெரியாத மனிதரல்லர் அவர்.

ஆகவே என் கோரிக்கை இது. உங்கள் இளம் தூதர்களுக்குப் பால்டிமோர் உரையைப் பாடமாக வையுங்கள். அது அதற்குத் தகுதியானது. கூடவே லின்லித்கோவின் அறிவிப்பையும், அந்த மாதம் சென்னையில் கைதான ராஜாஜியின் வழக்கையும் வையுங்கள். நாளை வேறொரு மக்களிடம் தியாகம் கேட்க அவர்கள் மேடையேறும்போது, முதலில் அனுமதி கேட்கப் பழகியிருப்பார்கள்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு வரலாற்று வாசகர்