கெட்டிஸ்பர்க் பெயரறியா வீரர்கள்: நினைவுக் கூட்டம்

வரலாற்றுத் துறை முன்னாள் மாணவர்களுக்கு வணக்கம். ஜூலை 5, ஞாயிறு மாலை 6 மணிக்கு இணையவழியில் கூடுகிறோம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலையில் மூன்று நாள் சண்டை நடந்த கெட்டிஸ்பர்க்கின் தேசியக் கல்லறையில், பெயர் தெரியாத 979 பேருக்கு எண் மட்டும் பொறித்த சிறு பளிங்குக்கல்லே அடையாளம். அந்தப் போரில் பயிரையும் மாடுகளையும் இழந்த கறுப்பினக் குத்தகை விவசாயி பேசில் பிக்ஸ்தான், வயல்களில் அவசரமாகப் புதைத்திருந்த உடல்களைத் தன் ஆட்களுடன் தோண்டியெடுத்து அங்கே கொண்டுசேர்த்தார். அவரைப் பற்றி நாம் ஒரு வரிகூடப் படிக்கவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

1. முதல் அரை மணி நேரம் பிக்ஸைப் பற்றியது, தவறாமல் வாருங்கள்.
2. தன் மூன்று குழந்தைகளின் படத்தைப் பிடித்தபடி இறந்து, அந்தப் படத்தாலேயே அடையாளம் காணப்பட்ட ஏமஸ் ஹியூமிஸ்டனைப் பற்றிப் பேச ஒருவர் முன்வர வேண்டும்.
3. வருகையை வியாழனுக்குள் இங்கேயே தெரிவியுங்கள்.