ஜேசிபி ஓட்டுன அண்ணனுக்கு நன்றி

அரூர் பக்கம் எங்க கொல்லையை ஒட்டி ரோடு அகலப்படுத்துற வேலை நடந்தப்போ வந்திருந்த ஜேசிபி அண்ணா, உங்க பேரைக்கூடக் கேட்டு வைக்கல. யாராவது இதை அவர்கிட்ட காட்டுங்க.

வேலியோரம் நின்னது எங்க பாட்டன் முப்பாட்டன் காலத்துல இருந்து வேடியப்பன்னு கும்பிடுற நடுகல். புலியைக் குத்துற வீரன், பக்கத்துல கையை உயர்த்தி நிக்கிற அவன் பொண்டாட்டி. தருமபுரி மியூசியத்துல இப்படி வரிசையா வெச்சிருக்காங்க. எங்களுக்கு இது குடும்பக் கல். அளவு போட வந்தவங்க "ஓரமா தள்ளிடு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. வீட்டுல அப்பா மட்டும்தான், அவருக்கும் நடக்க முடியாது.

நீங்க தள்ளல. பக்கெட் பல்லு படாம கல்லைச் சுத்திக் கையால மண்ணைப் பறிச்சீங்க. சாக்கை மடிச்சு வெச்சு, அதுமேல பெல்ட்டைப் போட்டுத் தூக்கி, எங்க நிலத்துக்குள்ள கொண்டாந்தீங்க. அதோட விடல. குடத்துத் தண்ணியை ஊத்தி, புலி வாலு மடிப்புல இருந்த சேத்தை விரலால வழிச்சு எடுத்ததை அப்பா திரும்பத் திரும்பச் சொல்றாரு. முன்னாடி இருந்த மாதிரியே கிழக்குப் பார்த்து நட்டீங்களாம்.

தொல்காப்பியம் நடுகல்லுக்குச் சொல்ற ஆறு சடங்குல, கல்லை நீராட்டுற நீர்ப்படையும் நடுதலும் நீங்களே முடிச்சிட்டீங்க. படையல் போடுற பெரும்படை எங்க பொறுப்பு. டீக்காசு கூட வாங்கலையாமே, அதுதான் அப்பாவுக்குக் குறை!

ஆடியில பொங்கல் வைக்கிறோம். குடும்பத்தோட வந்துடுங்க, அண்ணா.