ஆவணமின்றி வளர்ந்த பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் முறையான குடியேற்ற ஆவணமின்றி வளர்ந்த பிள்ளைகளைக் குற்றவாளிகளாகவே பார்ப்பவர்கள், ஹோசே அன்டோனியோ வர்காஸின் வாழ்க்கையை அறிந்துகொள்ள வேண்டும். 12 வயதில் பிலிப்பைன்ஸிலிருந்து கலிபோர்னியாவிலுள்ள தாத்தா பாட்டியிடம் அனுப்பப்பட்ட அவர், 16 வயதில் ஓட்டுநர் உரிமம் வாங்க சைக்கிளில் சென்றபோது, அலுவலகப் பெண்மணி அவரது நிரந்தரக் குடியிருப்பு அட்டையை (கிரீன் கார்டு) திருப்பிப் பார்த்துவிட்டு, அது போலியென்று காதோடு சொன்ன பிறகே தன் நிலையை உணர்ந்தார். பத்திரிகையாளராகப் புகழ்பெற்ற பின்னும் அச்சத்திலேயே வாழ்ந்தவர், 2011-இல் உண்மையை வெளிப்படையாக எழுதி, தம்மைப் போன்ற இளையோருக்காகக் குரல் கொடுக்கத் தொடங்கினார். மறு ஆண்டு ஒபாமா அரசு, சிறுவயதில் ஆவணமின்றி வந்தவர்களை நாடுகடத்தாமல் காக்க அறிவித்த ‘டாகா’ பாதுகாப்பு, 31 வயது நிரம்பாதவர்களுக்கே என்பதால், சில மாத வித்தியாசத்தில் அவருக்குக் கிடைக்காமல் போனது என் மனத்தை மிகவும் வருத்துகிறது. அதுவும் இரண்டாண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டிய தற்காலிக ஏற்பாடுதானே தவிர, குடியுரிமை அல்ல. இவர்களின் நிலை குறித்துத் தங்கள் நாளிதழ் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

தங்கள் வாசகர்,
மதுரை