பாதி வாக்கியத்தை ஏன் வெட்டினீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுவை, உணவு, வளர்சிதை மாற்றம் குறித்த நரம்பியல் அறிஞர் டானா ஸ்மாலின் ஆராய்ச்சி பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். செயற்கை இனிப்பு இன்சுலினைக் கெடுக்கும் என்று தலைப்பும் போட்டுவிட்டீர்கள். அந்த ஆய்வின் முடிவு அதுவல்ல.

2020இல் 'செல் மெட்டபாலிசம்' ஆய்விதழில் அவருடைய குழு வெளியிட்டது இதுதான். சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பூட்டி கலந்த பானத்தை மட்டும் குடித்தவர்களின் இன்சுலின் உணர்திறன், அதாவது இன்சுலினுக்கு உடல் இணங்கும் திறன், குறையவில்லை. அதே சுக்ரலோஸோடு மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற, ஏறக்குறைய சுவையே இல்லாத மாவுச்சத்தையும் கரைத்துக் குடித்தவர்களுக்குத்தான் குறைந்தது. பத்து நாட்களில் ஏழே பானங்கள்! மால்டோடெக்ஸ்ட்ரினைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோதும் பாதிப்பில்லை. இரண்டும் சேர்ந்ததால் வந்த விளைவு அது. 'சேர்ந்தால்' என்ற ஒரு சொல்லைத் தலைப்பில் விட்டுவிட்டால் ஆய்வில் என்ன மிஞ்சும்?

இன்னொன்றையும் விட்டுவிட்டீர்கள். இனிப்புக்கு மூளை காட்டும் எதிர்வினை, இரண்டையும் சேர்த்துக் குடித்தவர்களிடம் குறைந்திருந்தது, ஆனால் நாக்கு இனிப்பை முன்போலவே உணர்ந்தது. ஆய்வின் அருமையான பகுதி இது. கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

பெட்டிச் செய்தியில், இனிப்பூட்டி கலந்த பானத்தைக் குடித்துவிட்டு வீட்டு குளுக்கோமீட்டரில் சோதித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கருவி சர்க்கரையை மட்டுமே அளக்கும். உணர்திறன் குறைந்தால் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகட்டிவிடும். கருவியில் எண் மாறாது, பார்ப்பவர் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்வார். இதைக் கண்டுபிடிக்க எட்டு மணி நேரமாவது வெறும் வயிற்றோடு இருந்து, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் வரை இடைவெளி விட்டுவிட்டுப் பலமுறை ரத்தம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் குளுக்கோஸ், இன்சுலின் இரண்டையும் அளக்க வேண்டும். வீட்டில் செய்கிற காரியமா இது?

காப்பியில் போடும் இனிப்பூட்டிப் பொட்டலத்திலும் மால்டோடெக்ஸ்ட்ரின் இருக்கிறதே என்று பயமுறுத்தியிருக்கிறீர்கள். ஒரு பொட்டலத்தில் அது ஒரு கிராமுக்கும் குறைவு. ஆய்வில் ஒரு பானத்துக்கு ஏறத்தாழ 30 கிராம். அளவைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொன்னால், நீரிழிவு உள்ளவர் பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிட்டுச் சர்க்கரைக்குத் திரும்பிவிடுவார். என் வருத்தமெல்லாம் அவரைப் பற்றித்தான். எடையைக் கட்டுப்படுத்த இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தபோதுகூட, ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்று தனியாகச் சொன்னது. அது தங்களுக்குத் தெரியாததல்ல.

கட்டுரையின் நடுவே மறுபடியும் அந்த நாக்குப் படம்! நுனியில் இனிப்பு, பின்பகுதியில் கசப்பு. 1901இல் ஜெர்மன் ஆய்வாளர் ஹேனிக் கண்டது இடத்துக்கு இடம் இருந்த மிகச் சிறிய வேறுபாடு. 1942இல் உளவியலாளர் போரிங் தம் நூலில் போட்ட வரைபடத்தால் அது பெரிய பிரிவினைபோல் ஆகிவிட்டது. 1974இல் காலிங்ஸ் என்ற ஆய்வாளர் மறுபடி சோதித்து, வேறுபாடு அற்பம் என்று காட்டினார். 100 மில்லி நீரில் 5 கிராம் சர்க்கரையைக் கரைத்து, பஞ்சுக்குச்சியில் தொட்டு, நாக்கின் ஓரத்திலும் பின்பகுதியிலும் வைத்துப் பாருங்கள், அங்கும் இனிக்கும். ஒவ்வொரு முறையும் வெறும் நீரால் வாயைக் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் முந்தைய இனிப்பு ஏமாற்றும்.

உப்பைக் குறைத்தால் ஒரே வாரத்தில் நாக்கு பழகிவிடும் என்று முன்பொரு இதழில் எழுதியதற்கும் இதுவரை திருத்தம் வரவில்லை. விருப்பம் மாற எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் பிடிக்கும். ஒரு வாரம் என்று நம்பித் தொடங்குபவர் இரண்டாம் வாரமே கைவிட்டுவிடுகிறார். ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நாங்கள் தொடர்ந்து பார்ப்பது இது. குறை அவர்களிடம் இல்லை, தாங்கள் கொடுத்த கெடுவில் இருக்கிறது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. சுக்ரலோஸ் மாவுச்சத்தோடு சேர்ந்தபோதுதான் பாதிப்பு, தனியாக இல்லை என்று அடுத்த இதழில் நான்கு வரித் திருத்தம் போடுங்கள். கடைசிப் பக்க மூலையில் வேண்டாம், தலைப்பு வந்த அதே பக்கத்தில் வரட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர், உணவியல் ஆலோசகர்